கடைசி பஸ் வரட்டும்

நல்லம்மாள் எனக்குப் பழக்கமானதே சண்டையில்தான். ஒரே ஒரு பைப்பு, அதில் தண்ணீர் பிடிக்க இரண்டு தோட்டத்துச் சனம். சண்டை வராமல் வேறு என்ன வரும்?

அவள் ஆற்றுத் தோட்டத்துக்காரி. நான் மேட்டுத் தோட்டத்துக்காரி. மலாயாவில் புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவே இருந்த இரண்டு ரப்பர்த் தோட்டங்கள் அவை. அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷமோ என்னவோ, காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று சர்க்காருக்குப் பயம் வந்துவிட்டது. எங்களுக்கே அரிசி போதாது என்பதை யார் கேட்டார்கள்? நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைப் பிரித்துப் போட்டு, சட்டி பானையோடு எங்களை லோரியில் ஏற்றி, ஆற்றுத் தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றிலும் முள்கம்பி. ஒரே ஒரு வாசல். வாசலில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். காலையில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது தூக்குச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு பருக்கை சோறு இருந்தாலும் திரும்பு என்பார்கள். மாலை ஆறு மணிக்கு வாசல் அடைத்துவிடும். திருடினவன் கம்பி எண்ணுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மரம் வெட்டினவளும் கம்பி எண்ணியது எங்கள் காலத்தில்தான்.

முதல் வாரமே பைப்படியில் நான் நல்லம்மாளின் குடத்தைத் தள்ளி வைத்தேன். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு ஒன்று, கறுத்துப்போய், நடுவே சுருங்கின மஞ்சள் துண்டோடு கிடந்தது. திருவிழாக் காப்பு.

"கையில என்னடி அது? உங்க தோட்டத்துல வருசம் பூரா திருவிழாவா?" என்று கேட்டேன்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டைக்கு வராதவளோடு சண்டை போடுவதைப் போல எரிச்சல் வேறில்லை. மனசு கேட்காமல், பிறகு ஒரு நாள் சமாதானத்துக்குப் பாசிர் பெனம்பாங் மீன்பிடி ஊரிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவர்கள் லயத்துக் கடைசி வீடு அவளுடையது, அதை ஒட்டி என் வீடு, நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். கிண்ணத்தைப் பார்த்ததும் பின்வாங்கி, "நான் சாப்புடறதில்ல, மன்னிச்சிக்க," என்றாள். எங்கள் கைச் சோறு அவளுக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு வீட்டுக்குக் கேட்கும்படி திட்டிக்கொண்டே திரும்பினேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவசரகாலம் அறிவித்த அதே மாதத்தில் ஆற்றுத் தோட்டத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அம்மன் கையில் ஒன்று, பூசாரி செல்லன் கையில் ஒன்று, தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் கையில் ஒன்று. நல்லம்மாளும் அவள் புருஷன் தங்கராஜும் சேர்ந்தே கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டினவர் கவிச்சி தொடக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது, பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. திருவிழா முடிந்து காப்பை எடுக்கும்வரை ஆத்தாளின் கட்டு அது. தங்கராஜு தொழிற்சங்கத்து ஆள். நாலாம் நாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்றவனைப் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. திருவிழா அந்தரத்தில் நின்றது. தீக்குழிக்கு அடுக்கின விறகை யாரோ அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக யாருக்கும் சொல்லாமல் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். பூசாரி செல்லனும் அப்படித்தான். அம்மன் கையில் மட்டும் இருந்தது, தொடுவதற்கு எவனுக்கும் தைரியமில்லை. நல்லம்மாள் கையிலும் இருந்தது. மகனைப் பிடித்துக்கொண்டு போன மாதமே படுக்கையில் விழுந்த மாமியார் தாயம்மாளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, இவள் உப்பும் மிளகாயும் தொட்டுச் சோறு தின்றுவிட்டு, வெறும் பலகையில் படுத்துக்கொள்வாள்.

"காப்புக் கட்டினவங்க எல்லைக்கு வெளிய தங்க முடியாது, காளியம்மா," என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாள் சொன்னாள். "கயிறு கையில இருக்கற வரைக்கும் அவரு வந்துதான் ஆவணும். ஆத்தா இழுத்துக்கிட்டு வந்துடுவா."

அவளைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிக்குள் வாழ்க்கை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆற்றுத் தோட்டத்து ஆள்தான் காட்டிக்கொடுத்தான் என்று பேச்சு. அவர்கள் பக்கம் ஒருவனைப் பிடித்தபோது நாங்கள்தான் என்று பேச்சு. யார் எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" என்பதே பதிலாகிவிட்டது. மணி என்ன என்று கேட்டால்கூட அதே பதில்தான். அந்தச் சமயத்தில் என் மாமனார் செத்துப்போனார். ஆற்றுத் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. நல்லம்மாள் மட்டும் பைப்படியில் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காப்புக் கட்டினவள் சாவு வீட்டுக்குள் வரக் கூடாது, அதனால் அங்கேயே நின்றாள்.

அடுத்த மாதம் அவர்கள் பக்கம் ஒரு சாவு. நாங்களும் போகவில்லை. அன்றைக்கு எங்கள் பூசாரி இருசப்பன் வாய்விட்டுச் சொன்னார்: "சண்டை போடாத ஊரு இல்ல. சாவுக்குப் போவாத ஊரும் உண்டா? இது ஊரே இல்ல, மாட்டுப்பட்டி."

அவரே செல்லனைப் போய்ப் பார்த்தார். இரண்டு பூசாரிகளும் தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் பிடித்து, கிராணி துரையைப் பிடித்து, ஆறு மணிக்குள் முடிப்பதானால் திருவிழா நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினார்கள். காப்புக் கட்டிவிட்டால் அது எடுக்கும்வரை ஊருக்குள் யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது. பத்து நாள் சண்டை போடாமல் இருந்தால் பதினோராம் நாள் பழக்கமாகிவிடாதா என்பது இருசப்பனின் கணக்கு. எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. பழைய காப்பு கையில் இருக்கும்போது புதுக் காப்புக் கட்டக் கூடாது. எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், தோட்டத்துச் சாஸ்திரம் அப்படி.

இருசப்பன் நேராக நல்லம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து, "தாயி, ஞாயித்துக்கிழமை உன் காப்ப அறுத்துடலாம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் காப்பு அறுப்பு என்றுதான் சொல்லுவோம். பாட்டன் காலத்திலிருந்து வந்த பேச்சு. ஆற்றுத் தோட்டத்துக்காரர்கள் வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் காப்பை அவிழ்ப்பதுதான் வழக்கம், அறுப்பது என்றால் தாலிதான். புருஷன் என்ன ஆனான் என்று தெரியாதவளிடம் வந்து, மஞ்சள் கயிற்றை அறுக்கலாம் என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? நல்லம்மாள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கிழவி தாயம்மாள் படுத்தபடியே போட்ட ஓலம் கடைசி லயம்வரை கேட்டது. அரை மணி நேரத்தில் பைப்படியில் இரண்டு மண்டை உடைந்தது. இருசப்பனுக்கு, தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்றே விளங்கவில்லை. பாவம், மறுநாள்தான் அவருக்கு விளக்கினார்கள்.

திருவிழா அதோடு போயிற்று என்று நினைத்தோம். அப்போதுதான் ஷேக் தாவூது பாய் ஊரிலிருந்து திரும்பி வந்தார்.

பாய்க்குப் புக்கிட் ரோத்தானில் துணிக்கடை. நாகூர்க்காரர். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையோடு எங்கள் வாசலுக்கு வருவார். துணிக்குள் அரிசி இருக்கிறதா என்று காவலர்கள் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். கப்பலில் நாகப்பட்டினம் போய், நிக்காஹ் ஒன்றை முடித்துக்கொண்டு வந்திருந்தார். பைப்படிக்குப் பக்கத்தில் மூட்டையைப் பிரித்தார், நான் கைலி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கவனிக்காமல் நல்லம்மாளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உக்காரு. உக்காந்துகிட்டுக் கேளு. நாகப்பட்டணத்துல எறங்கி வர்றேன், பின்னாலேருந்து 'பாய்'னு ஒரு சத்தம். திரும்பினா நம்ம தங்கராஜு. அரிசி மண்டியில மூட்டை தூக்கறாரு."

நல்லம்மாள் உட்கார்ந்தாள். "உசுரோட இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு. கேம்புலேருந்து நேரா கப்பல்ல ஏத்திட்டாங்களாம். இந்த நாட்டுல திரும்பக் கால் வைக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"கையில..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

"அதச் சொல்லத்தான் வந்தேன். கேம்புல மொத நாளே கயித்த உருவிட்டானுவளாம். இவரு வேட்டியில நூல் பிரிச்சி, சமையக்காரன்கிட்ட மஞ்சள் வாங்கித் தடவி, தானே கட்டிக்கிட்டாரு. இன்னும் இருக்கு. சொந்த ஊரு கூப்புடு தூரம்தான், போவல. மீன் நாத்தம் அடிக்கற ஊர்ல இருந்துகிட்டு மீனத் தொடறதில்ல. மண்டி வாசல்ல வெறுந்தரையில கெடக்கறாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். 'தோட்டத்துல இன்னும் காப்பு அவுக்கலயே பாய், நான் எப்படி இன்னொரு ஊருக்குள்ள குடி போறது? அவுத்துட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க'ங்கறாரு. அம்மாவத் தனியா விட்டுட்டு உன்னக் கெளம்பி வர வேணாம்னும் சொல்லச் சொன்னாரு."

நல்லம்மாள் தன் கைக் கயிற்றை விரலால் தடவினாள். பிறகு, "எளச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"எளச்சிருக்காரு," என்றார் பாய். கைலிகளை மடித்து அடுக்கிக்கொண்டே தொடர்ந்தார். "எங்க நாகூர் தர்காவுல கந்தூரித் திருநாளுக்குக் கொடி ஏத்துவாங்க. முடிஞ்சதும் எறக்கிடுவாங்க. எறக்கினாத்தான் தங்கச்சி, மறு வருசம் ஏத்தலாம். எறக்காம விட்டா மழையிலயும் வெயில்லயும் கந்தலாப் போயிடும். அப்புறம் அது கொடி இல்ல."

அன்று இரவு முழுக்கப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் நடந்துகொண்டே இருந்தது கேட்டது. மறுநாள் விடிந்ததும் என் வாசலில் வந்து நின்றாள்.

"காளியம்மா, உங்க பூசாரிகிட்ட சொல்லிடு. ஆத்தா இழுத்துக்கிட்டு வருவான்னு நான் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். கடைசியில நான் அவரக் கட்டிப் போட்டிருக்கேன். அவுத்துடலாம்." போனவள் திரும்பி வந்து, "அவுக்கத்தான் வேணும். அறுக்கக் கூடாது," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று, சோதனை கொடுத்து, கம்பிக்கு வெளியே இருந்த கோயிலுக்குப் போனோம். செல்லன் அழுதுகொண்டே அம்மன் கைக் காப்பை அவிழ்த்தார். அடுத்தது நல்லம்மாள். அங்கேதான் வந்தது வினை. இத்தனை வருஷம் அந்தக் கையால்தான் அவள் பால் எடுத்திருக்கிறாள். கயிற்றில் தெறித்த ரப்பர்ப் பால் காய்ந்து, அதன்மேல் மறுபடி தெறித்துக் காய்ந்து, முடிச்சு ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. செல்லன் நகத்தால் முயன்றார், அசையவில்லை. இருசப்பன் இடுப்புக் கத்தியில் கை வைத்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் கத்தியைத் தூக்கித் தரையில் போட்டார்.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். ஆற்றுத் தோட்டத்துக்காரி ஒருத்தி கொண்டை ஊசி கொடுத்தாள். எங்கள் பக்கத்துக்காரி விளக்கெண்ணெய் ஊற்றினாள். மண்டை உடைந்தவனின் பெண்டாட்டியும் உடைத்தவனின் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முயல, அவள் விரல் வலித்ததும் அடுத்தவள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நல்லம்மாள் கையை நீட்டியபடி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். பாலும் மஞ்சளும் நாலு வருஷத்து வியர்வையும் சேர்ந்த அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. முடிச்சு நெகிழ்ந்தது. என் வாய் நல்ல காரியத்துக்கு உதவியது அன்று ஒரு நாள்தான் என்று செல்லன் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்.

கயிறு கழன்ற இடத்தில் அவள் தோல் வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். அவள் அழ, நாங்கள் எல்லோரும் அழுதோம். இரண்டு சாவுக்கும் சேர்த்து அழுதது போலிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக் காப்பு. தாம்பாளத்தில் கயிறுகள் தயார். செல்லன் அம்மன் கைக்குக் கட்டப் போனார். நல்லம்மாள், "கொஞ்சம் பொறுங்க பூசாரியண்ணே. கடைசி பஸ் வரட்டும்," என்றாள்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் போகிற கடைசி பஸ் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோயில் முனையில் நின்று போகும். வெளியூரில் இருப்பவர் காப்புக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள முறைதான்.

"அவரு வர முடியாதுன்னு தெரியும்ல, தாயி?" என்றார் செல்லன் மெதுவாக.

"தெரியும். பஸ் வரட்டும்."

காவலுக்கு வந்த மலாய்க் கார்ப்பரல் கடிகாரத்தைக் காட்டினான். கிராணி அவனிடம் போய் ஏதோ சொன்னார். அவன் நல்லம்மாளைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டான். இரண்டு தோட்டத்துச் சனமும் சாலையைப் பார்த்து நின்றோம். பஸ் வந்தது. கோழிக் கூடையோடு ஒரு சீனக் கிழவர் இறங்கினார், எங்களைப் பார்த்து மிரண்டு, வேகமாக நடந்து போனார். பஸ் கிளம்பியது. "இப்பக் கட்டுங்க," என்றாள் நல்லம்மாள்.

ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது சர்க்கார் கட்டளை. பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஆத்தாளின் கட்டளை. அந்தப் பத்து நாளும் நாங்கள் ஆத்தாளுக்குத்தான் கீழ்ப்படிந்தோம். வாசல் அடைக்கும் சத்தம் கேட்டால் அடைபட்டோம் என்று தோன்றவில்லை, விரதத்தில் இருக்கிறோம் என்று தோன்றியது. பதினோராம் நாள் மறுபடி அது முள்கம்பிதான், இல்லை என்று சொல்லவில்லை. பைப்படியில் மறுபடி சண்டையும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு யார் செத்தாலும் எல்லோரும் போனோம். ஒருவன் பிடிபட்டால் அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், அவள் எந்தத் தோட்டத்துக்காரியாக இருந்தாலும் சரி.

பாய் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். தங்கராஜும் அவிழ்த்துவிட்டான், சொந்த ஊரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான் என்று பதில் வந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு வருஷமும் காப்பு நாளில் நல்லம்மாள் கடைசி பஸ்ஸைப் பார்க்காமல் கட்ட விடமாட்டாள். நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

கம்பியைப் பிரிப்பதற்கு முந்தின வருஷம் தாயம்மாள் கண்ணை மூடினாள். கருமாதி முடிந்த கையோடு பாய் கப்பலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கப்பல் நாள் திருவிழாவுக்கு நடுவில் வந்தது.

"திருவிழா முடிச்சிட்டுப் போயேண்டி," என்றேன்.

"கப்பல் நிக்காதுடி."

"அப்ப அடுத்த கப்பல்ல போ."

"காளியம்மா, அவருக்கு முடி நரைச்சிருக்குமா?" என்றாள். நான் போய் அவள் துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

காப்புக் கட்டிவிட்டால் போக முடியாது. அதனால் காப்புக் கட்டுகிற சாயங்காலமே, கட்டுவதற்கு முன்னால் கிளம்பினாள். தகரப் பெட்டி, ஒரு மூட்டை, துணைக்குப் பாயின் தங்கச்சி மகன். கோயில் முனையில் எல்லோரும் நின்றோம். தாம்பாளத்தில் கயிறுகள் தயாராக இருந்தன. கடைசி பஸ் வந்தது. இத்தனை வருஷம் யார் இறங்குவார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே பஸ்ஸில் அவள் ஏறினாள். ஜன்னலிலிருந்து கையை நீட்டினாள். வெறுங்கை. நான் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

தங்கராஜிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள், இரண்டு பேரும் குடித்தனம் செய்கிறார்கள் என்று பாய் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ வந்துவிட்டார்கள். பைப்படியில் நான் குடத்தைத் தள்ளினால் அவர்கள் திருப்பித் தள்ளுகிறார்கள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. மூடி மறைக்க என்ன இருக்கிறது?

இப்போது கம்பி இல்லை, காவலர் இல்லை, ஆறு மணிக் கட்டும் இல்லை. போன வருஷம் வந்த புதுப் பூசாரி, "நேரமாவுது லா, யாருக்காக நிக்கறீங்க?" என்று கேட்டார். கடைசி பஸ் வரட்டும் என்று கூட்டத்தில் நாலைந்து குரல் எழுந்தது. சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. எங்கள் ஊர் வழக்கம் அது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

எனக்குத் தெரியும். பஸ் வந்து நின்றால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, இறங்குகிறவர்களின் இடது கையைத்தான் பார்க்கிறேன். தாம்பாளத்தில் எப்போதும் ஒரு கயிறு கூடுதலாகவே இருக்கும். அதற்கு மஞ்சள் தடவி வைப்பது நான்தான்.